ஆயிரம் வாட் வாங்கி அபூர்வ சிந்தாமணி

தொண்ணூறுகளில் நம் ஊரில் மின்சாரத் தட்டுப்பாடு இருந்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. அப்போது சென்னையில் வீட்டுக்கு வீடு ஒரு மின்நிலையம் இருந்தது. ஷோகேஸில், தலையாட்டிப் பொம்மைக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவே கறுப்பாக உட்கார்ந்திருக்கும். பெயர் டூ-இன்-ஒன். முன்பக்கம் தங்க ஸ்டிக்கரில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருக்கும். அதையே திருப்பிப் பார்த்தால், கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும் தெரிகிற எழுத்தில் இன்னொரு வாசகம் இருக்கும்: 'மின்சார உபயோகம் 25 வாட்ஸ்.'

அதாவது சுவரிலிருந்து 25 வாட் உள்ளே போகிறது. ஸ்பீக்கர் வழியாக 1000 வாட் வெளியே வருகிறது. ஒன்றுக்கு நாற்பது! இந்த வித்தையை அப்போதே மின்வாரியத்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், டூ-இன்-ஒன்களை வரிசையாக வயரில் கோத்து எண்ணூர் அனல் மின்நிலையத்தை மூடியிருக்கலாம்.

பேட்டரியில் போட்டால் இன்னும் விசேஷம். டார்ச் லைட்டின் பெரிய செல் எட்டு. எட்டு ஒன்றரை பன்னிரண்டு வோல்ட். ஆயிரம் வாட் வேண்டுமென்றால் 83 ஆம்பியர் பாய வேண்டும். அது கார் ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கிற ரகம். எட்டு டார்ச் செல்லை வைத்துக் காரை ஸ்டார்ட் செய்து காட்டுபவர்களுக்கு என் சொத்தில் பாதியை எழுதி வைக்கிறேன். (சொத்து: ஒரு கோத்ரெஜ் பீரோ, அதன் சாவி தொலைந்துவிட்டது.)

பி.எம்.பி.ஓ. என்றால் 'பீக் மியூசிக் பவர் அவுட்புட்.' இதை எப்படி அளப்பது என்று எந்த ஸ்டாண்டர்டு புத்தகத்திலும் கிடையாது. ஆம்ப்ளிஃபயர்களை அளக்க சர்வதேச எலக்ட்ரோடெக்னிகல் கமிஷன் ஒரு கனமான ஆவணம் வைத்திருக்கிறது. 60268 என்ற வரிசையில் மூன்றாம் பாகம். அதிலும் இந்தப் பேர்வழி இல்லை. கம்பெனிக்காரர்கள் செய்தது இவ்வளவுதான்: பவர் சப்ளையில் இருக்கிற கப்பாசிட்டர், கண் சிமிட்டுவதற்கும் குறைந்த நேரத்தில், சத்தம் எப்படி நாராசமாக இருந்தாலும் பரவாயில்லை என்று மொத்தத்தையும் கொட்டினால் எவ்வளவு வரும் என்று பேப்பரில் ஒரு கணக்கு. அதை எத்தனை ஸ்பீக்கரோ அத்தனையால் பெருக்கு. பக்கத்துக் கம்பெனி 800 என்று போட்டிருந்தால் நாம் 1000 போடு. வீட்டுக் குழாயில் ஒரு வருஷத் தண்ணீரையும் ஒரே விநாடியில் விட்டால் என்ன வேகம் வரும் என்று கணக்குப் போட்டு, 'எங்கள் தெருவில் நயாகரா' என்று போர்டு மாட்டுகிற காரியம்.

சாந்தோம் நெடுஞ்சாலையில், கதீட்ரல் மணியோசை கேட்கிற தூரத்தில் குடியிருந்த என் நண்பர் ஒருவர், 1994-ல் பர்மா பஜாரில் பேரம் பேசி 1200 வாட் ஒன்றைத் தூக்கி வந்தார். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு நாதஸ்வர கேஸட் போடுவதாக ஏற்பாடு. வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பியதும் நாதஸ்வரம் ஆட்டோ ஹாரன் மாதிரி கத்த ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், "சாமான் லாரி வந்துடுத்து போலிருக்கே" என்று வாசலை எட்டிப் பார்த்தார். கல்யாணம் நடந்தது. டூ-இன்-ஒன் பரணுக்குப் போயிற்று.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பல பெட்டிகளில் இருந்தது போலவே உள்ளே ஒரு ஐ.சி. ஜப்பான் சான்யோ கம்பெனியின் எல்.ஏ.4440. மவுன்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் திரிந்தவர்களுக்கு இந்த நம்பர் தாய்மாமன் பெயர் மாதிரி. 'ஒரு 4440 போர்டு குடுப்பா' என்றால் வேறு கேள்வியே கிடையாது. சான்யோ இதற்கு ஒரு டேட்டா ஷீட் போட்டிருந்தது. அதில் ஸ்டீரியோ என்றால் பக்கத்துக்கு 6 வாட், இரண்டையும் பிரிட்ஜாகச் சேர்த்தால் 19 வாட் என்று தெளிவாக இருக்கிறது. அதோடு விட்டதா? இந்த எண்கள் 13.2 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், 10 சதவிகித டிஸ்டார்ஷனில் எடுத்தவை என்றும், கூடவே கிராஃப்களும்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரே சில்லு. அதைச் செய்தவர் 19 வாட் என்கிறார். அதைப் பெட்டிக்குள் வைத்து மூடியவர் 1000 என்கிறார். ஜப்பான்காரர் ஹரிச்சந்திரன், பெட்டிக்காரர் புளுகன் என்று நினைக்க வேண்டாம். சில்லை வாங்குகிறவர் ஒரு இன்ஜினியர். அவர் மேஜைமேல் ஆஸிலாஸ்கோப் இருக்கிறது. பொய் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். பெட்டியை வாங்குகிறவர் கையில் ஒரு மஞ்சள் பையும் பஸ் பாஸும்தான் இருந்தன.

மேடைகளில் பாடகர்கள் பிடித்துக்கொள்கிற ஷூர் எஸ்.எம்.58 மைக்கைப் பாருங்கள். 1966-லிருந்து விற்கிறார்கள். உலகத்தில் பாதிப் பேர் அதில்தான் பாடியிருப்பார்கள். அதன் கூட வருகிற காகிதத்தில் 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் என்று அடக்கமாகப் போட்டு, எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம் என்று ஒரு கோடும் வரைந்திருக்கிறார்கள். இப்போது மின்சார ரயிலில் நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கிற இயர்போன் அட்டையைப் பாருங்கள். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்! மைக்கை வாங்குகிறவர் சவுண்ட் இன்ஜினியர், அளந்து பார்ப்பார். இயர்போனை வாங்குகிறவர் கிண்டிக்குள் ஒரு பாட்டு கேட்டால் போதும் என்கிறவர்.

அந்த 20 - 20,000-ல் பொய் இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது, அதுதான் அழகு. 20,000 ஹெர்ட்ஸில் அந்த இயர்போனிலிருந்து ஏதோ வரத்தான் செய்யும். நடுவில் இருப்பதைவிட எத்தனை டெசிபல் குறைந்து வருகிறது என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 'கூட்டல் கழித்தல் 3 டெசிபலுக்குள்' என்ற வால் இல்லாத ஹெர்ட்ஸ், 'மெயின் ரோடிலிருந்து அருகில்' என்கிற ரியல் எஸ்டேட் விளம்பரத்தோடு சேர்த்தி.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கூத்து. அறுபதுகளில் ஸ்டீரியோ விற்பனை சூடு பிடித்தபோது ஆளாளுக்கு ஒரு வாட். பீக் வாட், மியூசிக் வாட், இன்ஸ்டன்ட் வாட். 1974-ல் அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி போட்டது. விளம்பரத்தில் வாட் போடாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. போட்டால் கூடவே எத்தனை ஓம் லோடில், எந்த ஹெர்ட்ஸிலிருந்து எது வரைக்கும், அதிகபட்சம் எவ்வளவு டிஸ்டார்ஷனில் என்பதையும் சொல்லியாக வேண்டும். அளப்பதற்கு முன் ஆம்ப்ளிஃபயரை மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட விட்டுச் சூடேற்ற வேண்டும். பரீட்சைக்கு முன்னால் பையனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிற மாதிரி. நிறைய ஆம்ப்ளிஃபயர்கள் இதில் மூச்சு வாங்கின. (2000-ல் இரக்கப்பட்டு எட்டில் ஒரு பங்காகக் குறைத்தார்கள்.)

ஐம்பது வருஷத்தில் கம்பெனிகள் ஓட்டை கண்டுபிடிக்காமல் இருக்குமா? நிபந்தனையைச் சொல்ல வேண்டும் என்றுதானே விதி, எந்த நிபந்தனை என்று இல்லையே! ஆம்ப்ளிஃபயருக்குச் சுலபமான 1000 ஹெர்ட்ஸில் மட்டும் அளந்தார்கள். டிஸ்டார்ஷனை 10 சதவிகிதம் வரை விட்டார்கள். பத்து சதவிகிதம் என்றால் அலையின் தலையைச் சீவிவிட்டது என்று அர்த்தம். பாடகருக்குத் தொண்டையில் கிச்கிச். ஆனால் ஒரு சதவிகிதத்தில் வருவதைவிடக் கால் பங்கு வாட் கூடுதலாக அட்டையில் போட்டுக்கொள்ளலாம். பார்த்தது கமிஷன், 2024-ல் நிபந்தனையையும் தானே நிர்ணயித்துவிட்டது: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் முழுக்க, டிஸ்டார்ஷன் 1 சதவிகிதத்துக்குள்.

நமக்கு? ஏஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஸ்டார் உண்டு. எரிசக்தி சிக்கன அமைப்பு சொன்ன முறையில் அளந்து, வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒட்ட வேண்டும். அறை ஏஸிகளுக்கு 2010-லிருந்தே கட்டாயம். ஸ்பீக்கருக்கும் ஸ்டார் உண்டு. அவர் விளம்பரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரிப்பார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், திசை திருப்பும் விளம்பரத்துக்கு முதல் தடவை பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட வழி இருக்கிறது. ஆனால் '1000 வாட் பொய்' என்று நிரூபிக்க, 1000 வாட் என்று எதைச் சொன்னார்கள் என்பது முதலில் தெரிய வேண்டுமே! எண்ணுக்கு அளக்கும் முறை இல்லாவிட்டால் வக்கீலுக்கும் வேலையில்லை.

ஒரு மாறுதல் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பி.எம்.பி.ஓ. அநேகமாகக் கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. இப்போது 'ஆர்.எம்.எஸ். வாட்' என்று போடுகிறார்கள். கண்டிப்பான பிஸிக்ஸ் வாத்தியார் இதற்கும் காதைத் திருகுவார். ஆர்.எம்.எஸ். என்பது வோல்ட்டேஜுக்கும் கரண்ட்டுக்கும்தான், அவற்றைப் பெருக்கினால் வருவது சராசரி பவர். போகட்டும், பி.எம்.பி.ஓ.வோடு ஒப்பிட்டால் இது மகாத்மா.

"அளவு, அளவு என்கிறீரே, பாட்டை அளவுகோலாலா கேட்கிறோம்?" என்று கேட்பவர்களுக்கு, அமர் போஸ் கதை. அப்பா நோனி கோபால் போஸ் வெள்ளைக்காரனுக்குத் தப்பி 1920-ல் கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன புரட்சிக்காரர். பிள்ளை எம்.ஐ.டி.யில் 1956-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தச் சமயத்தில் தனக்கென்று ஒரு ஸ்டீரியோ வாங்கினார். இன்ஜினியர் ஆயிற்றே, ஸ்பெசிஃபிகேஷன் எல்லாம் பார்த்து நல்லதாகத்தான் எடுத்தார். வீட்டில் வைத்துக் கேட்டால் வயலின் வயலின் மாதிரியே இல்லை. அந்தக் கோபத்தில் ஆராய்ச்சி ஆரம்பித்து, 1964-ல் கம்பெனி ஆரம்பித்து, போஸ் என்ற பெயர் உலகம் முழுக்கப் போனது. மற்றவர்கள் போல வாட், ஹெர்ட்ஸ் என்று பட்டியல் போடுவதில் அந்தக் கம்பெனி ஆர்வம் காட்டியதில்லை. காதால் கேள், போதும் என்பது கட்சி.

கேட்டார்கள். 1970-ல் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை போஸ் 901 ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டு, வாத்தியங்கள் அறையில் அங்குமிங்கும் அலைகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியது. அலைந்தது சுவரோரமாகத்தானே, அறை பூராவும் என்று எப்படி எழுதலாம் என்று போஸ் கேஸ் போட்டார். 'அங்குமிங்கும்' என்ற ஒரு வார்த்தை சுப்ரீம் கோர்ட் வரை போய், 1984-ல் பத்திரிகை ஜெயித்தது. பதினாலு வருஷம்! ராமர் வனவாசம் போய் வந்துவிடுவார். வாத்தியம் எங்கே நிற்கிறது என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட முறையில் அளந்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும்.

போஸ் சொன்னதில் நியாயமும் இருந்தது. அன்றைய எண்கள் காதுக்குச் சம்பந்தமில்லாதவை. அதைச் சரிசெய்தவர் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் இருந்த ஃபிளாய்டு டூல். ஸ்பீக்கரை நேராக மட்டும் அளக்காமல் சுற்றிச் சுற்றி எல்லாக் கோணத்திலும் அளந்தார். அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஆட்களைக் கேட்க வைத்தார். பின்னால் ஹார்மன் கம்பெனிக்குப் போய், ஷான் ஆலிவ் என்பவரோடு சேர்ந்து 1994-ல் ஒரு குறும்பு செய்தார். கம்பெனி ஊழியர்களையே உட்கார வைத்து, முதலில் திரை போட்டு மார்க் போடச் சொன்னார்கள். அப்புறம் திரையை விலக்கினார்கள். ஸ்பீக்கர் அதே, பாட்டு அதே, மார்க் மாறிவிட்டது! பெரிய பெட்டிக்கும் பழகிய பெயருக்கும் ஏறியது, சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்கு இறங்கியது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் பங்களாவைப் பார்த்ததும் பஜ்ஜி ருசிப்பது போலத்தான்.

2004-ல் ஆலிவ் 70 ஸ்பீக்கர்களை வைத்து, அளந்த கோடுகளிலிருந்தே ஜனங்கள் எதற்கு எத்தனை மார்க் போடுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லிப் பார்த்தார். ஒட்டுறவு 0.86 வந்தது, ஒன்று வந்தால் பூரணம். ஜோசியர்களில் யாருக்கும் இந்த ரேட் கிடையாது. ஆக, சரியாக அளந்தால் காது சொல்வதைக் காகிதம் முன்னாலேயே சொல்லிவிடும். இப்படி அளக்கிற முறை 2013-ல் அமெரிக்க ஸ்டாண்டர்டாகவும் ஆகிவிட்டது. ஃபின்லாந்தின் ஜெனலெக், ஜெர்மனியின் நாய்மன் போன்ற ஸ்டூடியோ ஸ்பீக்கர்காரர்கள் கோடுகளைத் தாங்களே வெளியிடுகிறார்கள். அவர்கள் வாடிக்கையாளர்கள் யார்? ரிக்கார்டிங் இன்ஜினியர்கள். அளந்து பார்க்கிற ஜாதி!

போன மாதம் எங்கள் கீழ்வீட்டுப் பையன் வந்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் உத்தியோகம், முதல் போனஸ் கையில். "அங்கிள், சவுண்ட்பார் வாங்கணும். 600 வாட், பதினாறாயிரம். கூட வர்றீங்களா?" தி.நகரில் ஒரு கடை. சேல்ஸ்மேன் 600 வாட்டையும் பக்கத்தில் 300 வாட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். 600-க்குப் போகும்போதெல்லாம் அவர் கட்டைவிரல் ரிமோட்டில் ஒரு சின்ன வேலை செய்வதைக் கவனித்தேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்பது எதுவும் கொஞ்சம் நல்லதாகத்தான் கேட்கும். அந்தப் பலவீனம் மனித ஜாதிக்கே உண்டு. "ரெண்டையும் ஒரே சத்தத்துல வைப்பா" என்றேன். வைத்தார். பையன் புருவத்தைத் தூக்கினான்.

"டிஸ்டார்ஷன் எவ்வளவுப்பா?"

சேல்ஸ்மேன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சூப்பர்வைசரைப் பார்த்தார். "அதெல்லாம் இதுல ஃப்ரீ சார். தனி சார்ஜ் இல்ல."

பையன் அதற்குள் போனில் அந்த சவுண்ட்பாரின் மேனுவலை இறக்கிவிட்டான். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம், எறும்பு எழுத்து: 1000 ஹெர்ட்ஸில், 10 சதவிகிதத்தில், எல்லா ஸ்பீக்கரும் கூட்டி. அளந்திருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். அட்டையில் இடமில்லை போலும்.

கணக்கை அவனுக்கு நடைபாதையில் நின்றபடி சொன்னேன். வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஏறுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற பத்து மடங்கு வாட் வேண்டும். 300-க்கும் 600-க்கும் வித்தியாசம், சேல்ஸ்மேன் கட்டைவிரல் வித்தியாசம். பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல். 84 போட்ட ஸ்பீக்கருக்கு நாலு வாட் கொடுத்து வாங்குகிற சத்தத்தை, 90 போட்டது ஒரே வாட்டில் கொடுத்துவிடும். டிஸ்டார்ஷனில் 0.01-க்கும் 0.001-க்கும் சண்டை போடுகிறவர்களை விட்டுவிடு. சாந்தோம் நெடுஞ்சாலையில் பஸ் ஹாரனுக்கு நடுவே அது கடவுளுக்குத்தான் கேட்கும்.

கடைசியில் வேறு கடையில், பழைய பாணி மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் பக்கத்துக்கு 40 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் எடுத்தான். கூட வந்த காகிதத்தில் 8 ஓம், 1 சதவிகிதம், 86 டெசிபல், ஒரு கோடு, கோட்டில் ஒரு அசிங்கமான பள்ளம்கூட மறைக்காமல். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். சோபாவில் உட்கார்ந்து அவன் போனில் அளந்ததில் சராசரி 70 டெசிபல் காட்டியது. போன் மீட்டர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஸ்பீக்கர் இரண்டரை மீட்டர் தள்ளி இருந்தது. கணக்குப் போட்டால் கால் வாட்டுக்கும் குறைவு. மிருதங்கம் 'தொம்' என்று விழுகிறபோது மட்டும் இரண்டு, மூன்று வாட். அதையும் பேப்பரில் எழுதி அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாவது மாடி செக்ரெட்டரியிடமிருந்து போன் வந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி.